எக்காளம் ஊதியவனுக்குத் தண்டனையா?

இறைவாக்கினர் எசேக்கியேல் நூலின் 33-ஆம் அதிகாரத்தில் ஒரு காவலன் வருகிறான். ஊர் மக்கள் தங்களுள் ஒருவனைத் தெரிந்தெடுத்துக் காவலுக்கு நிறுத்துகின்றனர். பகைவனின் வாள் வருவதைத் தொலைவிலேயே கண்டு அவன் எக்காளம் ஊத வேண்டும். அவன் ஊதியும் மக்கள் கேளாமற் போனால், வரும் அழிவுக்கு அவர்களே பொறுப்பு. கண்டும் ஊதாமல் அவன் வாளாவிருந்தால், சிந்தப்பட்ட இரத்தத்துக்கு அவனிடமே கணக்குக் கேட்கப்படும். காவலனின் கடமையும் மக்களின் கடமையும் இவ்வாறு ஐயத்திற்கு இடமின்றி வகுக்கப்பட்டுள்ளன.

ஆனால் மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. காவலன் கண்டான், தயங்காமல் ஊதினான், மக்களும் கேட்டார்கள். கேட்டவர்கள் செய்த முதல் வேலை, அவனுடைய வீட்டுக் கதவை வெளிப்புறமாகத் தாழிட்டதுதான் என்றால் என்ன சொல்வது? மறுமுறை பகைவன் வரும்போது அக்காவலன் எக்காளத்தைக் கையில் எடுப்பானா? இது கற்பனைக் கேள்வியன்று. 2021-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் தென்னாப்பிரிக்க நாட்டுக்கும் அதன் அயல்நாடுகளுக்கும் நேர்ந்தது இதுவே. கொரோனாக் கொள்ளைநோயின் நாள்களில் நடந்தவற்றுள் பலவற்றை நாம் மறக்கத் தொடங்கிவிட்டோம். கத்தோலிக்கக் குடும்பங்கள் மறக்கக் கூடாத ஒரு நிகழ்ச்சி இது. அதில் விஞ்ஞானமும் இருக்கிறது, நீதியும் இருக்கிறது.

ஏட்டுப் பிழையும் கிருமியின் மாற்றமும்

அச்சுப்பொறி வருமுன்னர் நம் முன்னோர் நூல்களைப் பனையோலையில் படி எடுத்து வந்தனர். மேலைநாட்டுத் துறவு மடங்களில் திருமறை நூல்களைத் தோலில் படி எடுத்தனர். எழுதுபவர் எத்துணைக் கவனமாக இருந்தாலும் எங்கேனும் ஓர் எழுத்து மாறும். ஒரு சொல் விடுபடும். அந்த ஏட்டைப் பார்த்து எழுதுகின்ற அடுத்தவர், பழைய பிழையையும் சேர்த்தே எழுதுவார். தம் பங்குக்குப் புதிதாக ஒன்றையும் சேர்த்துவிடுவார். பிற்காலத்தில் ஏடுகளை ஒப்புநோக்கிய அறிஞர்கள், இந்தப் பாடபேதங்களைக் கொண்டே எந்த ஏடு எந்த ஏட்டின் வழிவந்தது என்று கண்டறிந்தனர். பிழையே வழிகாட்டியாயிற்று!

கொரோனா வைரஸின் செய்தியும் இத்தகையதே. அதனுள் இருக்கும் மரபுச் செய்தி ஏறத்தாழ 30,000 எழுத்துகளால் ஆனது. நெடுங்கணக்கு நமக்கு 247 எழுத்துகளைத் தந்தது. அதற்கோ நான்கே எழுத்துகள். மனித உடலின் உயிரணுவுக்குள் புகுந்து அந்தச் செய்தியை அது ஓயாமல் படி எடுக்கிறது. படி எடுக்கும்போது பிழை நேர்கிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிச் செல்லும் ஒரே வழிமுறையில், மாதத்திற்கு ஏறக்குறைய இரண்டு எழுத்து மாற்றங்கள் நிலைத்தன. இவற்றுள் பெரும்பாலானவற்றால் யாதொரு விளைவும் இல்லை. ஆனால் சில மாற்றங்கள் அக்கிருமி விரைந்து தொற்றுவதற்கு உதவும். வேறு சில, நோயுற்று மீண்டவரும் தடுப்பூசி போட்டவரும் பெற்றுள்ள எதிர்ப்பாற்றலுக்குத் தப்பிச் செல்ல உதவும்.

நோயாளிகளிடம் எடுத்த சளி மாதிரிகளிலிருந்து இந்த எழுத்துகளை முதலிலிருந்து முடிவுவரை படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்தக் கிளை எங்கே, எந்த வேகத்தில் தழைக்கிறது என்று இடைவிடாது பார்த்துக்கொண்டிருப்பதற்கு மரபணுக் கண்காணிப்பு என்று பெயர். பழைய ஏடுகளை ஆராய்ந்தவர்களுக்கு அவசரமில்லை. இங்கோ நாள்களுக்குள் விடை காண வேண்டும்.

இக்கிருமியின் முதல் ஏட்டை உலகுக்கு அளித்தவர் சீன நாட்டு விஞ்ஞானி சாங் யோங்ஜென். 2020 ஜனவரி 11 அன்று, ஆஸ்திரேலியாவிலிருந்த எட்வர்டு ஹோம்ஸ் என்ற அறிஞரின் உதவியோடு, அவர் அதை யாவரும் காண வெளியிட்டார். சோதனை முறைகளும் தடுப்பூசிகளும் அதன் அடிப்படையில் விரைந்து உருவாயின. மறுநாளே, சீரமைப்பு வேண்டும் என்ற காரணம் காட்டி, அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தை மூடும்படி அதிகாரிகள் பணித்தனர். நன்மை செய்தவருக்குக் கிடைத்த முதற் பரிசு அது. அது கடைசிப் பரிசாகவும் இருக்கவில்லை.

துன்பம் பயிற்றுவித்த நாடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் தமிழருக்குப் புதிதன்று. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை முதன்முதலாக இறக்கிய கரை அது. அந்நகரிலுள்ள குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில், 2017-இல் மரபணு ஆராய்ச்சி மையம் ஒன்று நிறுவப்பட்டது. பிரேசில் நாட்டில் பிறந்து, இளமையிலேயே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து தங்கிவிட்ட துலியோ டி ஒலிவேரா என்பவர் அதற்குத் தலைமை தாங்கினார்.

செல்வ நாடுகளே செய்யத் திணறிய வேலையை இந்நாடு எவ்வாறு செய்தது என்று வியப்போர் உண்டு. விடை துயரமானது. எய்ட்ஸ் நோய்க் கிருமி தொற்றியவர்கள் 70 லட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழும் நாடு அது. காசநோயும் அங்கே கொடியது. அந்தக் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் எவ்வாறு மாறுகின்றன என்று பல ஆண்டுகளாகப் படித்துப் படித்து, அந்நாட்டு இளம் விஞ்ஞானிகள் கை தேர்ந்திருந்தனர். அயல்நாடாகிய போட்ஸ்வானாவிலும் அவ்வாறே. 1996-இல் எய்ட்ஸ் ஆராய்ச்சிக்காக ஏற்பட்ட கூட்டுமுயற்சியின் கூடமே கொரோனாவையும் கவனித்தது. சிலுவையின் அடியில் கற்ற பாடம் பிறருக்குப் பயன்பட்டது எனலாம்.

2020-இன் நடுப்பகுதியில் தென்னாப்பிரிக்காவின் தேசியத் தொற்றுநோய் நிலையமும், பல்கலைக்கழகங்களும், அரசின் பரிசோதனைக் கூடங்களும் ஒன்றிணைந்து ஒரு கண்காணிப்பு வலையமைப்பை உருவாக்கின. பல மாகாணங்களிலிருந்தும், நோய் உறுதியான மாதிரிகளுள் ஒரு பகுதியை ஒழுங்காகத் தெரிந்தெடுத்து எழுத்து வரிசையைப் படித்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனமும், ஆப்பிரிக்க நாடுகளின் நோய்த் தடுப்பு மையமும் சேர்ந்து, அக்கண்டம் முழுமைக்கும் பயன்படும் வகையில் 12 ஆய்வுக்கூடங்களை ஒரே பின்னலாக இணைத்தன.

ஒவ்வொரு வட்டாரத்திற்கும் தனிக் கூடம் எதற்கு? பெரிய நாடுகளுக்கு மாதிரிகளை அனுப்பினால் ஆகாதா? ஆகும், ஆனால் காலம் கடந்துவிடும். நோய் அலை ஓய்ந்தபின் வரும் அறிக்கை வரலாறாகுமே தவிர எச்சரிக்கையாகாது. மேலும், ஒரு மருத்துவமனையில் திடீரென்று நோயாளிகள் பெருகுவதை உள்ளூர் மருத்துவர் சொல்ல, அன்றே அங்கிருந்து மாதிரி வரவழைப்பது அருகிலுள்ள கூடத்தினால்தான் இயலும்.

அவ்வாறுதான் நடந்தது. 2020-இன் கடைசி மாதங்களில் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தின் நெல்சன் மண்டேலா விரிகுடாப் பகுதியில் நோய் எதிர்பாராத வேகத்தில் ஏறியது. மாதிரிகளைப் படித்தபோது புதிய வகையொன்று தென்பட்டது. டிசம்பர் 18 அன்று அந்நாட்டு அரசு அதை வெளியிட்டது. பின்னர் ‘பீட்டா’ என்று பெயர் பெற்றது அதுவே. எக்காளம் ஒருமுறை ஒலித்தது. ‘தென்னாப்பிரிக்க வகை’ என்னும் அவப்பெயர் அந்நாட்டின்மேல் ஒட்டிக்கொண்டது.

ஒரே வாரத்தில்

2021 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா நகரங்கள் அடங்கிய கௌட்டெங் மாகாணத்தில் மறுபடியும் நோய் தலைதூக்கியது. அங்கே தனியார் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பணிபுரிந்தோர் ஒரு விநோதத்தைக் கண்டனர். அவர்கள் பயன்படுத்திய சோதனை, கிருமியின் மூன்று இடங்களைத் தேடுவது. இரண்டு இடங்கள் அகப்பட்டன. கிருமியின் முள் போன்ற புறப்பகுதிக்குரிய மூன்றாவது இடம் மட்டும் அகப்படவில்லை. அந்நாளில் எங்கும் நிறைந்திருந்த டெல்டா வகையில் மூன்றுமே அகப்படும். அப்படியானால் இது என்ன?

அக்கூடத்தின் விஞ்ஞானப் பிரிவுத் தலைவி ரக்கேல் வியானா, நவம்பர் 19 அன்று எட்டு மாதிரிகளின் எழுத்து வரிசையைப் படித்தார். அதே நாள்களில் போட்ஸ்வானாவின் தலைநகர் காபரோனியில் சிகுலிலே மோயோ என்ற விஞ்ஞானியும், நவம்பர் 11 அன்று எடுக்கப்பட்ட மாதிரிகளில் இதே விநோதத்தைக் கண்டு திகைத்துக்கொண்டிருந்தார். முள் பகுதியில் மட்டும் 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள்! யாரும் அதுவரை கண்டிராத எண்ணிக்கை அது. தென்னாப்பிரிக்கத் தேசிய நிலையம் சரிபார்த்து உறுதி செய்தது.

இப்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வெளியிட்டால் என்ன நேரும் என்பதைப் பீட்டாவின் அனுபவம் முன்பே கற்றுத்தந்திருந்தது. அந்நாட்டில் டிசம்பர், கோடைகாலச் சுற்றுலா மாதம். எண்ணற்ற குடும்பங்கள் அந்த வருவாயை நம்பி வாழ்பவை. இன்னும் இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்று சொல்லியிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவர்கள் பொறுக்கவில்லை. 23-ஆம் நாள் போட்ஸ்வானா தன் எழுத்து வரிசைகளை உலக விஞ்ஞானிகளின் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்தது. 24-ஆம் நாள் தென்னாப்பிரிக்கா உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அறிவித்தது. 25-ஆம் நாள் சுகாதார அமைச்சரும் விஞ்ஞானிகளும் பத்திரிகையாளர் முன் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னார்கள். 26-ஆம் நாள் அந்நிறுவனம் அதற்கு ‘ஓமைக்ரான்’ என்று பெயரிட்டு, கவலைக்குரிய வகைகளின் பட்டியலில் சேர்த்தது. முதல் ஐயம் எழுந்து ஒரு வாரத்திற்குள் உலகம் முழுதும் அறிந்துவிட்டது.

கதவுகள் மூடின

பத்திரிகையாளர் கூட்டம் நடந்த 25-ஆம் நாளே, ஆறு தென் ஆப்பிரிக்க வட்டார நாடுகளிலிருந்து வரும் விமானங்களை நிறுத்துவதாகப் பிரிட்டன் அறிவித்தது. மறுநாள் அமெரிக்கா எட்டு நாடுகளுக்குத் தடை விதித்தது. ஓமைக்ரான் ஒருவரிடமும் கண்டறியப்படாத மலாவி நாடும் அந்த எட்டில் ஒன்று. நாடு நாடாகக் கதவுகள் அடைபட்டன.

26-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்கிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு வந்திறங்கிய இரண்டு விமானங்களின் பயணிகளைச் சோதித்தபோது, 61 பேருக்குத் தொற்று இருந்தது. ஆப்பிரிக்காவே நோயைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்று பலரும் நினைத்தனர். ஆனால் நான்கு நாள் கழித்து, நெதர்லாந்து நாட்டுச் சுகாதார நிலையமே ஒன்றைத் தெரிவித்தது: நவம்பர் 19-இலும் 23-இலும் அந்நாட்டிலேயே எடுத்து வைத்திருந்த மாதிரிகளில் ஓமைக்ரான் இருந்தது. அதாவது தென்னாப்பிரிக்கா வாய் திறக்குமுன்பே அக்கிருமி ஐரோப்பாவுக்குள் உலவிக்கொண்டிருந்தது. தேடியவனே கண்டான், கண்டவனே சொன்னான், சொன்னவன் வீட்டில் பிறந்ததென்று உலகம் முடிவு கட்டியது.

கொடுமையிலும் கொடுமை ஒன்று உண்டு. கிருமியின் எழுத்துகளைப் படிப்பதற்கு வேண்டிய வேதிப்பொருள்கள் அந்நாட்டுக்கு விமானத்தில்தான் வந்துகொண்டிருந்தன. விமானங்கள் நின்றதால் அவை தீர்ந்துவிடும் நிலை வந்ததென்று டி ஒலிவேரா முறையிட்டார். எச்சரிக்கை கொடுத்தவனின் கண்ணையே மறைத்தது அந்தத் தடை!

மரபணு ஆராய்ச்சியில் முன்னேறியிருப்பதற்காகத் தண்டிக்கப்படுகிறோம் என்ற பொருளில் தென்னாப்பிரிக்க வெளியுறவுத் துறை வருந்தியது. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் அந்தோனியோ குட்டெரெஸ், அந்நாட்டின் பழைய நிறவெறிக் கொள்கையின் பெயரையே எடுத்து இத்தடைக்குச் சூட்டிக் கண்டித்தார். டிசம்பர் 15 அன்று பிரிட்டனும், ஆண்டின் கடைசி நாளில் அமெரிக்காவும் தடையை நீக்கின. அதற்குள் ஓமைக்ரான் அந்நாடுகளில் தானாகவே பரவிவிட்டது.

அஞ்சியவர்களை மட்டும் பழித்துவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. தன் மக்களைக் காப்பது ஒவ்வோர் அரசுக்கும் கடமை. புதிய பகைவனின் வலிமை தெரியாதபோது சில நாள் அவகாசம் தேடுவதும் குற்றமாகாது. பயணிகள் யாவரையும் சோதிக்கலாம், தனித்திருக்கச் செய்யலாம். ஆனால் ஐரோப்பாவிலும் அதே கிருமி இருப்பது தெரிந்த பின்பும் ஆப்பிரிக்காவுக்கு மட்டும் கதவை அடைத்தது எந்த நியாயம்? அப்போது ஆப்பிரிக்கக் கண்டத்தில் இரண்டு தவணைத் தடுப்பூசியும் பெற்றிருந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேர். செல்வ நாடுகளில் மூன்றாம் ஊசியே தொடங்கியிருந்தது. ஊசியைப் பகிரத் தயங்கியவர்கள், உண்மையைப் பகிர்ந்தவனைத் தண்டித்தார்கள்.

அவன் அப்போதும் பகிர்வதை நிறுத்தவில்லை என்பதே இவ்வரலாற்றின் பெருமை. டிசம்பர் 7-க்குள், டர்பன் நகரின் அலெக்ஸ் சீகலும் குழுவினரும், தடுப்பூசி தந்த எதிர்ப்பாற்றல் இக்கிருமியின்முன் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு எஞ்சுகிறது என்று அளந்து வெளியிட்டனர். முந்தைய அலைகளோடு ஒப்பிட, நோயுற்றோரில் மருத்துவமனைக்கு வர நேர்ந்தவர்கள் குறைவு என்ற ஆறுதலான செய்தியும் அந்நாட்டு மருத்துவர்களிடமிருந்தே வந்தது. அந்தச் சில வாரங்கள் உலகுக்குக் கிடைத்த பெருங்கொடை. நம் நாட்டில் டிசம்பர் 2 அன்று பெங்களூரில் இருவரிடம் ஓமைக்ரான் கண்டறியப்பட்டதாக அறிவித்தபோது, எதைத் தேட வேண்டும் என்பது நம்மவர்க்கு முன்பே தெரிந்திருந்தது. சென்னையில் 2021 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய மரபணுப் பகுப்பாய்வுக் கூடமும் அந்த அறிவைப் பயன்படுத்திக்கொண்டது.

பெயரிலும் நீதி வேண்டும்

ஊர்ப் பெயரைக் கிருமிக்கு இட்டு அழைப்பது, அந்த ஊராரைக் கிருமியாகப் பார்ப்பதில் முடியும். டெல்டாவை ‘இந்திய வகை’ என்று அயலார் அழைத்தபோது நமக்கு எவ்வளவு உறைத்தது! 2021 மே 31 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டும் முறையைக் கொண்டுவந்தது இதற்காகவே. கண்டதைச் சொல்ல எந்த நாடும் கூசக் கூடாது.

சட்டமும் அதையே சொல்கிறது. 2005-இல் திருத்தி அமைக்கப்பட்ட பன்னாட்டுச் சுகாதார விதிகளின்படி, உலகைப் பாதிக்கக் கூடிய நோய் நிகழ்ச்சியை மதிப்பிட்ட 24 மணி நேரத்திற்குள் ஒரு நாடு அறிவித்தாக வேண்டும். போக்குவரத்தைத் தேவைக்கு மேல் தடுக்கலாகாது என்று மற்ற நாடுகளுக்கும் அவ்விதிகளே கூறுகின்றன. முதற் பாதியைத் தென்னாப்பிரிக்கா நிறைவேற்றியது. மறு பாதி காற்றில் விடப்பட்டது. 2025 மே 20 அன்று உலகச் சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஆயினும் கிருமியின் மாதிரிகளைத் தரும் நாட்டுக்கு, அதிலிருந்து பிறக்கும் மருந்தும் ஊசியும் எவ்வாறு பங்கிடப்படும் என்ற பகுதி மட்டும் பின்னர்ப் பேசி முடிப்பதற்கென்று தள்ளி வைக்கப்பட்டது. உலகின் மனச்சான்று எங்கே தடுக்கி நிற்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

2020 மார்ச் 27 மாலை, மழையில் நனைந்து வெறிச்சோடிக் கிடந்த புனித பேதுரு சதுக்கத்தில் தனியே நின்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் உலகுக்காக மன்றாடினார். நாம் அனைவரும் ஒரே படகில் இருக்கிறோம் என்னும் கருத்தை அவர் அன்று நினைவூட்டினார். ஒரே படகில் நீர் புகுவதைக் கண்டு கூவியவனைக் கடலில் தள்ளினால், ஓட்டை அடைபடுமா?

நம் வீட்டு வாசலில்

இது பெரிய நாடுகளின் விவகாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2020-இல் நம் ஊர்களில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். நோய் என்று சொன்னால் வாசலில் தகரம் அடிப்பார்கள், அண்டை வீட்டார் முகம் திருப்புவார்கள், மகளின் திருமணப் பேச்சு நின்றுபோகும் என்று அஞ்சி, காய்ச்சலை மறைத்த குடும்பங்கள் எத்தனை! மறைத்தவர்களை நாம் குறை கூறினோம். அவர்களை மறைக்கச் செய்த நம் பார்வையைக் குறை கூறினோமா? காசநோய்க்கும் எய்ட்ஸுக்கும் மனநோய்க்கும் இன்றும் இதே நிலைதான். சொன்னவனுக்குத் தண்டனை என்றிருக்கும் வீட்டில் பிள்ளைகூட உண்மை பேசாது.

லேவியர் நூலில் தோல் நோயைச் சோதிக்கும் பணி குருவுக்கு அளிக்கப்பட்டிருந்தது. அவர் உற்றுப் பார்ப்பார். ஐயமிருந்தால் ஏழு நாள் தனித்திருக்கச் செய்வார். ஏழாம் நாள் மீண்டும் பார்த்து, நோய் பரவியதா இல்லையா என்று உரைப்பார். கண்காணிப்பு அன்றே இருந்தது! ஆனால் பலரும் அதோடு நூலை மூடிவிடுகிறோம். அடுத்த அதிகாரத்தில், குணமடைந்தவனைக் காண அந்தக் குருவே பாளையத்துக்கு வெளியே புறப்பட்டுச் செல்கிறார். உரிய சடங்குகளைச் செய்து அவனை மக்களோடு சேர்க்கிறார். விலக்கி வைக்கும் அதிகாரம் பெற்றவருக்குத் தேடிச் சென்று அழைத்துவரும் கடமையும் அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது.

அன்பான குடும்பத்தினரே, மற்றொரு கிருமி ஒரு நாள் வரத்தான் செய்யும். அதை முதலில் காண்பவர், பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊரின் சிறு கூடத்தில் இரவெல்லாம் கண்விழித்திருக்கும் ஒரு பெண்ணாக இருக்கலாம். கண்டதைச் சொல்லலாமா, சொன்னால் தன் நாட்டு மக்களின் பிழைப்பு என்னாகும் என்று அவள் ஒரு கணம் தயங்குவாள். அந்தத் தயக்கம் நீள்வதும் நீங்குவதும், 2021-இல் சொன்னவர்களை உலகம் எப்படி நடத்தியது என்று அவள் நினைத்துப் பார்ப்பதைப் பொறுத்திருக்கும். நம் தெருவில் முதலில் காய்ச்சல் காணும் குடும்பமும் அவ்வாறே நம்மை நினைத்துப் பார்க்கும். அவர்கள் வாசலுக்கு முதலில் கஞ்சியும் மருந்தும் போகட்டும். தகரத்தை அவசியமானால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.